சிவப்புக் கோடு போட்ட போத்தல்

மழை வந்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். எங்கள் அப்பா மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடுவார். முற்றத்தின் நடுவில், எந்த மரமும் மறைக்காத இடத்தில் நட்டிருந்த கம்பத்தில் ஒரு சோடாப் போத்தல் கட்டியிருந்தது. அதன் மேல் துண்டை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகியிருந்தார். மழை அதற்குள் ஒழுங்காக விழுகிறதா என்று பக்கத்தில் நனைந்தபடி நின்று பார்ப்பார். அவர் நின்று பார்க்காவிட்டாலும் மழைக்கு விழத் தெரியும் என்று அம்மா வாசலில் நின்று சொல்வார். அப்பா காதில் விழாது.

தன்னாமுனையில் அப்பாவுக்கு ரேடியோ திருத்தும் கடை. ஃபோனுக்கு ரீலோடும் போடுவார். சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முன்பு அவருக்கு இந்தப் பைத்தியம் இருந்ததில்லையாம். கடல் வந்த அந்தக் காலையில் வானம் கழுவி விட்டது போலத் தெளிவாக இருந்தது. கரையோரத்தில் இருந்த சொந்தக்காரர் பலர் அன்றோடு இல்லாமல் போனார்கள். அதன் பிறகு அப்பா தெளிந்த வானத்தை நம்பவில்லை. சொல்லாமல் வருவதை நாம் என்ன செய்ய முடியும், சொல்லிவிட்டு வருவதையாவது கவனிக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. வீடு இழந்தவர்களின் முகாமுக்குத் துணிமூட்டைகளோடு உதவிக்கு வந்த காத்தான்குடித் துணிக்கடைக்காரர் ஒருவரும் அதே கட்சி என்று தெரிய வந்தது. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்கள் அவரை மழைக்காக்கா என்றோம். அவர் கடையின் மொட்டை மாடியிலும் ஒரு போத்தல் இருந்தது. காலையில் கோயில் மணி அடித்ததும் அப்பா போத்தலைப் பார்ப்பார், அங்கே அவர் பார்ப்பார், பிறகு ஃபோனில் ஒருவருக்கொருவர் மழையைச் சொல்லிக்கொள்வார்கள். மழையே இல்லாத கச்சான் காற்றுக் காலத்திலும் இந்த ஃபோன் நின்றதில்லை. இன்றைக்கும் இல்லை என்பதை அவ்வளவு நேரம் எப்படித்தான் பேசினார்களோ.

சண்டை நடந்த காலத்தில் ரோந்து வந்த ஆமிக்காரர்கள் அந்தக் கம்பத்தைச் சுற்றி நின்று என்னவென்று கேட்டார்கள். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்து, இது ஆபத்தில்லாத பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். அதன் பிறகு உடுப்புத் தோய்க்கும் நாட்களில் அவர்களில் ஒருவன் வேலியோரம் வந்து வானத்தைக் காட்டிக் கண்ணால் கேட்பான். அப்பாவும் கண்ணால் பதில் சொல்வார்.

சண்டை முடிந்த அடுத்த வருடம், மழைக்கு வேலையே இல்லாத கோடையில் அந்த மழை பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி. தங்கை, அதாவது என் மாமி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கட்டிக்கொடுத்த பெண். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். சண்டையில் மாமி குடும்பத்தோடு இடம்பெயர்ந்து எங்கள் வீட்டில் இருந்தார், பிறகு ஊருக்குத் திரும்பினார். வருடக்கணக்காகப் புல் மண்டிக் கிடந்த வயலை வெட்டித் திருத்தி விதைத்த முதல் வெள்ளாமை அது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அறுவடை மெசின் வரும் என்று மாமா வயல் வாடியில் காவல் இருக்க, மெசினுக்கு முன்னால் மழை வந்து சேர்ந்தது. மாமியின் காணி அந்த வயல் வட்டையிலேயே பள்ளமான பக்கம். ஆறு ஏறினால் முதலில் குளிப்பது அதுதான்.

சித்தப்பா ஆற்றில் இறால் பிடிப்பவர். கோடையில் முகத்துவாரத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு ஆற்றின் வாயை அடைத்துவிடும். அடைத்தால் இறால் ஆற்றுக்குள்ளேயே நின்று கொழுக்கும், சித்தப்பாவுக்கு அதுதான் அறுவடை. ஆனால் வாய் அடைத்துக் கிடக்கும்போது மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, வயலுக்கு ஏறும். மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும், கூடவே இறாலும் ஓடும். எனவே வயல்காரர்கள் வெட்டு என்பார்கள், மீன்காரர்கள் வெட்டாதே என்பார்கள். முன்பொரு தடவை இரண்டு கூட்டமும் தனித்தனியே அரசாங்கக் கச்சேரிக்குப் போய் ஆளுக்கொன்று சொல்ல, அதிகாரிகள் யோசித்து முடிப்பதற்குள் வயலும் அழுகி, மணலும் தானாக உடைந்து இறாலும் போயிற்று.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று இரு பக்கத்தாரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். அப்பா அம்மாவின் நகப்பூச்சை எடுத்துப் போத்தலில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். மறுநாள் காலையில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் ஆறு வரம்பேறும், எல்லோரும் சேர்ந்து போய் வெட்டச் சொல்லிக் கேட்பது. தாண்டாவிட்டால் பொறுப்பது. எல்லோரும் சம்மதித்தார்கள். எல்லோரும் ஒரே போத்தலை நம்பியதில் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் தங்கையின் நெல் ஒரு பக்கம், தம்பியின் இறால் மறு பக்கம் என்று மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கியது அவர்தான்.

மாமியும் சித்தப்பாவும் அதற்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டார்கள். தாய் இல்லாத வீட்டில் சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது மாமிதான். ஆனால் ஒரு நாள் சாப்பாட்டின்போது மாமி வெட்டத்தான் வேணும் என்றார், சித்தப்பா வெட்டினால் நான் எதைப் பிடிக்கிறது என்றார், அதோடு சரி. மழைக்காக எங்கள் வீட்டில் வந்து நின்ற மாமி சமைத்தார், சித்தப்பா வந்து சாப்பிட்டார், நடுவில் நான் தூது. "உன்ர சித்தப்பாக்குக் குழம்பு வேணுமா எண்டு கேளு புள்ள" என்பார் மாமி, அவர் கைநீட்டும் தூரத்தில் இருக்கும்போதே. "போதும் எண்டு சொல்லு புள்ள" என்பார் சித்தப்பா. நான் திரும்பவும் ஒரு முறை உரக்கச் சொல்வேன். இவ்வளவு முக்கியமான வேலை எனக்கு அதற்கு முன் யாரும் தந்ததில்லை. மழை விட்டும் தூவானம் விடக்கூடாது என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கோடு போட்ட அன்று மத்தியானம் வரைக்கும் மழை கொட்டியது. பின்னேரம் சற்று ஓய்ந்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா படுத்திருந்தார். நான் யன்னலோரம் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தபோது சித்தப்பா படலையைத் திறந்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கூரைத் தண்ணீர் விழும் பீப்பாவில் சிரட்டையால் அள்ளி, கம்பத்தடிக்குப் போய்ப் போத்தலுக்குள் மெல்ல ஊற்றினார். குனிந்து கோட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தண்ணீர் கூடினால் ஆற்றுவாயை வெட்டுவார்கள், வெட்டினால் இறால் போய்விடும், இந்த மனிதர் கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்க்காமல் ஊற்றிவிட்டுப் போகிறாரே! சித்தப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு மோசம் என்று நினைத்திருக்கவில்லை.

ஓடிப்போய்க் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமியிடம் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. திருவலை நின்றது. சித்தப்பா எவ்வளவு ஊற்றினார் என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை என்றேன். மாமி கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கம்பத்தைப் பிடித்தபடி குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு புனலைக் கழற்றி, போத்தலைச் சரித்து, செவ்வரத்தை மரத்தடியில் தண்ணீரை ஊற்றினார். திரும்பக் கொண்டுவந்து கட்டியபோது தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது.

மாமியும் அப்படித்தானா என்று எனக்குத் திகைப்பாகிவிட்டது. நெல் அவருடையது. ஊற்ற வேண்டியவர் கவிழ்க்கிறார். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் இரண்டு பேருக்கும் ஊரில் வெட்கக்கேடு.

இரவுச் சாப்பாட்டில் மாமி சட்டியில் கிடந்த பெரிய மீன்தலையை எடுத்துச் சித்தப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். தூது அனுப்பவில்லை. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ தின்னல்லியா அக்கா?" என்று கேட்டார். எனக்கு வேலை போய்விட்டது.

விடிய முற்றம் நிறைந்துவிட்டது. வயல்காரர்கள் ஒரு பக்கம், மீன்காரர்கள் ஒரு பக்கம். அப்பா போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே என்றார். மீன்காரர்கள் சந்தோசத்தைக் காட்டிக்கொள்ளாமல் தொண்டையைச் செருமினார்கள். சித்தப்பா மட்டும் அப்பாவின் கையிலிருந்து போத்தலை வாங்கி உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு மாமியைப் பார்த்தார். மாமி சேலைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், போத்தல் கிடக்கட்டும். வெட்டச் சொல்லிக் கேப்பம்" என்றார் சித்தப்பா.

அவர் பக்கத்து ஆட்கள் அவருக்கு விசரா என்று கேட்டார்கள். போத்தலுக்குக் கட்டுப்படுவது என்றுதானே பேச்சு என்றார்கள். மாமியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். "வேணாம் தம்பி. சொன்ன சொல்லு சொல்லுத்தான்" என்றார்.

"அக்காட வெள்ளாமை அழுகினா மறுகா எனக்கு அந்த றால் தொண்டைக்குள்ள இறங்காது" என்றார் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஃபோன் அடித்தது. மழைக்காக்கா. அவருடைய போத்தல் நிரம்பி வழிந்துவிட்டதாம். மேலே குளத்துக் கதவுகளும் திறந்தாயிற்றாம், அந்தத் தண்ணீரும் இங்கேதான் வருகிறதாம். உங்களிடம் எவ்வளவு என்று அவர் கேட்டார். அப்பா சொன்ன பதிலைக் கேட்டு, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அப்பாவின் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை. மீன்காரர்களில் மூத்தவர்தான் கடைசியில் வழி சொன்னார். காத்தான்குடிக்காரருக்கு வயலும் இல்லை, தோணியும் இல்லை, அவருடைய போத்தலையே எடுத்துக்கொள்வோம் என்றார். அன்றே எல்லோரும் ஒன்றாகக் கச்சேரிக்குப் போனார்கள்.

ஆற்றுவாயை வெட்டினார்கள். மாமியின் வயலில் ஓரத்துக் கதிர்கள் கொஞ்சம் முளைத்துவிட்டன, மற்றது தப்பியது. இறால் போனதால் சித்தப்பா அறுவடைக்கு மாமி வீட்டோடு போய் நின்றார், அங்கே நன்றாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் பருத்தும் வந்தார். அப்பா அந்தப் போத்தலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது கட்டினார். புனலில் பல்லி அடைத்திருக்க வேண்டும் என்பது இன்றுவரை அவருடைய தீர்ப்பு. நான் அதை மறுத்துப் பேசியதில்லை.

வெட்டுவதைப் பார்க்க அன்று நாங்களும் முகத்துவாரத்துக்குப் போயிருந்தோம். பெக்கோ மெசின் மணலில் ஒரு வாய்க்கால் இழுத்தது. முதலில் நூலாக ஓடிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையை அரித்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. சனம் கூவியது. சித்தப்பாவும் மாமியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தண்ணீர் போவதைப் பார்த்தார்கள். அது என்னென்ன கொண்டுபோகிறது என்பது சித்தப்பாவுக்குத் தெரியும்.

இதைவிட்டால் நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றியது. மெதுவாக அவர் கையைப் பிடித்து இழுத்து, ஏன் கவிழ்க்காமல் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். சித்தப்பா மாமியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குப் படிப்புக் குறைவு புள்ள. மாறிப் போச்சு" என்றார். எனக்கு அவர் மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. ஈரமணலில் குந்தி, ஒரு குச்சியால் போத்தல் படம் கீறி, கோடும் போட்டு, ஊற்றினால் மழை கூடும், கவிழ்த்தால் குறையும், வயல் வைத்திருப்பவர் ஊற்ற வேண்டும், இறால் பிடிப்பவர் கவிழ்க்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினேன். இருவரும் என் பக்கத்தில் குந்தியிருந்து கவனமாகக் கேட்டார்கள். மாமி நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மணல் காற்று. விளங்கிவிட்டதா என்று கேட்டேன். "இல்ல புள்ள, இன்னொருக்காச் சொல்லு" என்றார் சித்தப்பா. நான் முதலிலிருந்து சொன்னேன். இனி ஒருபோதும் இவர்களுக்கு மாறாது என்ற திருப்தியோடு அன்று வீட்டுக்கு வந்தேன்.