விவாதத்தை முடித்து வைத்தவள்

பஞ்சாயத்து யூனியன் கவுன்சிலில் பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதற்காக என்னைப் போட்டார்கள். சேர்மன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் எட்டாவது வரை படித்துவிட்டு வீட்டில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்த, எதிர்த்துப் பேசத் தெரியாத ஒருத்தி அவருக்கு வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிய பத்து வருஷம் ஆயிற்று.

அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் பேசுகிறவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் ஒரு பண்ணைக்காரர். மற்ற உறுப்பினர்களைப் போல அவரும் ஒரு ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்தான். காலனிக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடும் தீர்மானம் வந்தால் எழுந்து நிற்பார். மழை பெய்யாததில் ஆரம்பித்து, திருவாலங்காட்டுத் திருவிழாவுக்குப் போய், தன் மாட்டுக்கு வந்த நோயில் வந்து நிற்பார். சாயங்கால ரயிலைப் பிடிக்க உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். ஆள் குறைந்ததும் கூட்டம் கலையும். மூன்று மாதம் இப்படியே நடந்தது.

"இன்னா தங்கச்சி, இந்த ஆளு பேச்சுக்கு முடிவே இல்லியா?" என்று அண்ணன் என்னிடம் பல்லைக் கடித்தார்.

ஆபீஸ் மேனேஜர்தான் வழி சொன்னார். சட்டசபையிலும் டெல்லியிலும் ஒரு முறை இருக்கிறதாம். போதும், ஓட்டுக்கு விடலாம் என்று ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பாதிப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டால் பேச்சு நின்றுவிடும். அதையே எங்கள் கவுன்சிலுக்கும் விதியாக எழுதினார்கள். ஆனால் ஒரு மணி நேரமாவது விவாதம் நடந்திருக்க வேண்டும், இரண்டு பக்கத்து ஆட்களும் பேசியிருக்க வேண்டும் என்று அதிலேயே கட்டுப்பாடும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் பண்ணைக்காரர் இரண்டு மணி நேரம் பேசினார். ஒருவர் எப்படியோ முன்மொழிந்துவிட்டார். வழிமொழிய ஆள் இல்லை. பண்ணைக்காரரிடம் எல்லோருக்கும் பயம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "வழிமொழியறேன்" என்றேன்.

குழாய் வந்தது. காலனிப் பெண்கள் என்னை அழைத்துப்போய் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். முகத்தில் தண்ணீர் தெறித்தது, எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டே நான் பல வருஷம் ஓட்டினேன்.

பிறகு விதி மாறத் தொடங்கியது. ஒரு மழைக்காலத்தில் வேலை நிறையச் சேர்ந்துவிட்டதென்று ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கினார்கள். அப்புறம் பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஆனது. அண்ணன் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பித்தளை மணி வாங்கி வந்தார். கடைசியில், போதுமான விவாதம் நடந்ததா என்பதைச் சேர்மனே முடிவு செய்யலாம் என்று எழுதினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாவற்றையும் நான்தான் வழிமொழிந்தேன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் திரும்பிப் பார்த்தால் எழுந்திருப்பேன். கவுன்சிலில் எனக்கு அது ஒன்றுதான் வேலை.

எழுபதுகளில் கம்பெனிகள் நிலம் தேடி வந்தன. அதற்குள் அண்ணனும் பண்ணைக்காரரும் சம்பந்திகள் ஆகியிருந்தார்கள். காலனிக்காரர்களின் மேய்ச்சல் நிலமும் அதை ஒட்டிய சுடுகாடும் ஒரு கம்பெனிக்குப் பிடித்திருந்தன. ஆட்சேபணை இல்லை என்று கவுன்சில் தீர்மானம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

காலனியிலிருந்து அப்போது ஒருவர் ஜெயித்து வந்திருந்தார். கூலி வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு இரண்டு பக்கமும் எழுதிய ஒரு தாளோடு வந்தார். எழுந்து, "தலைவர் அவர்களே" என்றார்.

"நேரமாச்சு, ஓட்டுக்கு உடலாம்" என்றார் பண்ணைக்காரர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து வழிமொழிந்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அவர் தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். சுற்றிலும் கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேனா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தூக்கியிருப்பேன்.

வெளியே வந்ததும், "அண்ணா, அவரு ஒரு வார்த்தகூட பேசலியே" என்றேன்.

"பேசி இன்னா ஆவப்போவுது? கம்பெனி வந்தா அவுங்க புள்ளைங்களுக்குத்தான் வேல. நீ ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கே?"

அடுத்த கூட்டத்தில், வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நானே பேச எழுந்தேன். "போன மாசத்து நிலத் தீர்மானத்த மறுபடியும்..." என்பதற்குள் மணி அடித்தது. முடிந்த விஷயத்தை ஆறு மாதத்துக்கு எடுக்க முடியாது என்றார்கள். "ரூல் அப்படிம்மா" என்றார் மேனேஜர், என்னைப் பார்க்காமல். விடாமல் பேசினேன். ஒருவர் முன்மொழிந்தார், என் பின்னாலிருந்து ஒருவர் வழிமொழிந்தார். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன். டீ வந்தது. எல்லோரையும் போல நானும் வாங்கிக் குடித்தேன்.

கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நிலத் தீர்மானத்துக்குக் கீழே, "விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதி, என் கையெழுத்தும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலனி உறுப்பினரின் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடாரியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் எழுந்ததை நான் கவனிக்கவில்லை என்றும், பழக்கத்தில் வழிமொழிகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"நீங்க சொல்லலேன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கம்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சொன்னது நீங்கதானே" என்றார்.

அவருடைய மனைவி உள்ளேயே இருந்தாள். வெளியே வரவில்லை.

அடுத்த முறை என்னைப் போடவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மனைவி அந்த பெஞ்சுக்குப் போனாள். சில வருஷத்தில் அரசாங்கம் கவுன்சிலையே கலைத்தது, தனி அதிகாரி ஒருவர் வந்தார். அவர் தனியாக உட்கார்ந்து தீர்மானம் எழுதி, தனியாகக் கையெழுத்துப் போட்டார். பேச்சை நிறுத்த அவருக்கு விதி எதுவும் தேவைப்படவில்லை.

கம்பெனி முள்வேலி போட்டது. காலனிப் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. இறந்தவர்களை ஏரிக்கரைக்குத் தூக்கிப்போனார்கள், என் வீட்டைத் தாண்டி இரண்டு மைல். அந்தக் காலனி உறுப்பினரின் தாயாரை அந்த வழியாகக் கொண்டுபோனபோது நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். தீச்சட்டியோடு முன்னால் போனவர் என்னைப் பார்த்தார். கூட நடக்கலாமென்று ஒரு அடி வைத்தேன். கூட்டத்தில் யாரும் எனக்கு இடம்விட்டு ஒதுங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.