வறுத்த மண்

பொன்முடி மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா குமாஸ்தாவாக இருந்தபோது, அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து மண்ணை வறுத்தார். அதுவும் அம்மாவின் பெரிய இரும்பு வாணலியில். அம்மா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குத் திருவனந்தபுரத்தில் விவசாய இலாகாவில் தற்காலிக வேலை. மலையில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கெல்லாம் கிழங்கு பருவும் மருவுமாக வந்துகொண்டிருந்தது. மண்ணிலிருக்கும் புழுதான் காரணம், சூட்டில் அது செத்துவிடும் என்பது மாமாவின் கட்சி. அதை மேலதிகாரிக்குக் கண்ணெதிரே காட்டிவிட்டால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு எட்டு வயது. மாமா தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினார். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்கே தெரியாதாம். வேர் நுனியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகுமாம். பெண் புழு உள்ளேயே உட்கார்ந்து தின்று தின்று பேரிக்காய் மாதிரி உப்பிவிடும். அதைச் சுற்றி வேரும் முடிச்சு முடிச்சாக வீங்கும். இடத்தை விட்டு அசையாமல் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு அங்கேயே சாகும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதன் குஞ்சுகள் வளர்ந்து அடுத்த ஈட்டு முட்டை வந்துவிடும்.

“அம்மா மாதிரி, இருந்த எடத்த விட்டு அசையவே அசையாதா?” என்று கேட்டேன். மலையேறி வந்த மூன்று வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளில், நோய் கண்ட உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணை நிரப்பினார். ஒன்றில் வறுத்தது, மற்றதில் வறுக்காதது. இரண்டிலும் பருவில்லாத நல்ல கிழங்குகளை நட்டார். “தெனம் தண்ணி விடு, கேட்டியா? வேற யாரையும் தொட விடாதே” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

வறுக்காத மண்ணில் செடி தளதளவென்று வந்தது. வறுத்த மண்ணிலோ சோனியாக நின்றது. “மண்ண வறுத்தா அதோட உயிர் போயிடாதோ? பின்னே எப்படி வளரும்?” என்றாள் அம்மா. அப்படியானால் மாமாவுக்கு வேலை போய்விடும்.

கொல்லையில், கீழே ஸ்ரீவராகத்தில் பிறந்த வீட்டிலிருந்து அம்மா மண்ணோடு கொண்டுவந்து வைத்த துளசி இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அதன் அடிமண்ணைத்தான் நெற்றியில் இடுவாள். எல்லாம் சரியாகிவிடும். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து அதில் ஒரு பிடி தோண்டி, வறுத்த மண் பெட்டியில் செடிகளின் காலடியில் போட்டு, கும்பிட்டேன். பத்து நாளில் செடி தலையெடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மாமா அதிகாரியோடு வந்தார். இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்தார்கள். வறுக்காத மண்ணில் எல்லாக் கிழங்கும் பரு. வறுத்த மண்ணிலும் பாதிக்கு மேல் பரு. வேரில் வரிசையாக முடிச்சுகள். “எல்லாம் ஒண்ணு தன்னே!” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அதிகாரி கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். “வேற ஏதானும் போட்டியோ?”

“இல்லை மாமா, தண்ணி மட்டும்தான்.”

பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. நோய் எப்படி வந்தது என்று கேட்கிறவரிடம் கொடுத்த மருந்தையா சொல்வார்கள்? மாமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலை போயிற்று. திருவனந்தபுரத்திலேயே சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் துளசி பட்டுப்போனது. தன் கையால் பிடுங்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. லீவுக்கு வந்திருந்த மாமாவைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கியவர் செடியைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேர் முழுக்க முடிச்சு.

பிறகு என்னைக் கூப்பிட்டார். “இந்த மண்ண அந்தப் பெட்டில போட்டியாடீ?”

இப்போதாவது சொல்லலாம் என்று எனக்குச் சந்தோஷம். வருத்தமும்கூட. “ஒரு பிடிதான் மாமா. இன்னும் ரெண்டு பிடி போட்டிருக்கணும்” என்றேன்.

 மாமா என் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாதே, கேட்டியா” என்றார்.

துளசியடியைத் தோண்டியதற்கு அம்மா அடிப்பாள் என்று எனக்காகப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.