வான்கோழிக்கு ஓர் அறிவித்தல்

வான்கோழிக்கெல்லாம் அறிவித்தல் கொடுக்க முடியாது என்று பள்ளிவாசல் மோதினார் சொல்லிவிட்டார்.

"மனிசர், மாடு, ஆடு. மிஞ்சிப்போனா ஒரு பேர்ஸ். வான்கோழியப் பள்ளி ஸ்பீக்கர்ல சொன்னா ஊரே சிரிக்கும் மகள்" என்றார். ஆடாக இருந்தால் உடனே சொல்லியிருப்பாராம். அதை எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

ஏறாவூரில் எங்கள் பகுதியில் எது தொலைந்தாலும் பள்ளிவாசல் ஸ்பீக்கர்தான் கதி. வழிதவறிய பிள்ளை, சாவிக்கொத்து, அடையாள அட்டை, கயிறறுத்த மாடு என்று எல்லாவற்றையும் மோதினார் ஒரே குரலில் சொல்லுவார். பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சொன்ன பொருள், பொழுதுபட்டு மஃரிபுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். அப்படி ஒரு வசதி இருக்கிற ஊரில் என் வான்கோழிக்கு மட்டும் இடமில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. எனக்கு அப்போது பத்து வயது.

அது மாமி தந்த குஞ்சு. உம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. வாப்பாவின் காலைக் கொத்தியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே மறித்து விசாரிக்கும். நான் பாடசாலை விட்டு வந்தால் மட்டும் சிறகை விரித்துக்கொண்டு ஓடிவரும். அது காணாமல்போனபோது வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். யாராவது கறியாக்கியிருப்பார்கள் என்று வாப்பா தேநீரை ஆற்றியபடியே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்பதாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பெரிய ரோட்டில் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க இரண்டு பெட்டிகள், ஒரு போட்டோகொப்பி மெசின், ஒரு கொம்பியூட்டர். போரை நிறுத்திச் சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. தடைகள் திறந்து, புதிது புதிதாக ஊருக்குள் சாமான்கள் வந்துகொண்டிருந்தன. அப்படி வந்ததுதான் இன்டர்நெட். சவூதியில் இருக்கும் கணவன்மாருக்குக் கடிதம் அனுப்ப வருகிறவர்களுக்காக வாங்கிய கொம்பியூட்டரில் பெரும்பாலும் சாச்சாவே இருந்தார். கூட்டாளிமார் அதிகம் இல்லாத மனிதர் அவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சோறு தின்றவுடன் திரும்பிவிடுவார். ஆனால் பழைய சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசும் ஒரு குழுவை அதில் கண்டுபிடித்ததிலிருந்து ஆளே மாறிப்போனார். சிங்கப்பூர், சென்னை, கனடா, லண்டன் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி, ஒரு பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழலுக்காக ஒரு கிழமை முழுவதும் சண்டை பிடிப்பார்கள். சாச்சாவும் அதில் ஒரு பக்கம் நிற்பார்.

அந்தக் குழுவின் ஒழுங்குமுறையை அவர் எனக்கு விளக்கியிருந்தார். ஒரு தலைவர் இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பழக வேண்டும். பேச்சு நடக்கும்போது வேறு கதை கதைக்கக் கூடாது. அவரே புதிதாகச் சேர்ந்தபோது, கடைக் கொம்பியூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். இது பாட்டுக்குழு, பழுது பார்க்கும் கடை அல்ல என்று தலைவர் எழுதிவிட்டார். சாச்சா அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். சிங்கப்பூரில் இருந்து ஒருவர் தன்னை ஏசியிருக்கிறார் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

"இஞ்ச நான் ஒரு சொல்லு எழுதினா உலகத்தில ஆயிரம் பேருக்குக் கேக்கும்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு தலைவர், வரிசை, பேசக்கூடாத நேரம். எல்லாம் எங்கள் பள்ளி மாதிரியே இருந்தது. ஸ்பீக்கர் மட்டும் பெரிது.

மத்தியானம் சாச்சா லுஹர் தொழப் போன நேரம், கடையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுப்போனார். திரை திறந்தபடி கிடந்தது. புல்லாங்குழல் சண்டைக்குக் கீழே, ஒரு விரலால் தேடித்தேடி எழுதினேன். சலாம் சொல்லித் தொடங்கினேன். பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தல். ஏறாவூரில் ஒரு வான்கோழியைக் காணவில்லை. நிறம் கறுப்பு, கழுத்து சிவப்பு, கோபக்காரச் சாமான். கண்டவர்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டில் ஒப்படைக்கவும். மோதினார் சொல்லுவது போலவே நன்றி சொல்லி முடித்தேன். யார் பெயரில் அது போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் சாச்சா திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். தலைவர் இரண்டே வரி எழுதியிருந்தார். தலைப்புக்கு வெளியே எழுதுவது இது இரண்டாவது தடவை. இன்னொரு தடவை எழுதினால் நீக்கப்படுவீர்கள். சாச்சாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் குழுவும் போய்விட்டால் அவருக்குக் கதைக்க யார் இருக்கிறார்கள்? என்னை ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. கீழே இறக்கி மற்றவர்கள் எழுதியதை வாசித்தார்.

சென்னைக்காரர் ஒருவர் அந்த வான்கோழி எந்த ராகத்தில் பாடும் என்று கேட்டிருந்தார். லண்டன்காரர் எப்படிச் சமைப்பது என்று எழுதியிருந்தார். அதை வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் கீழே, கனடாவிலிருந்து ஒரு பெண். சேர்ந்து ஒரு வருடமாகிறதாம், இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறாராம். தலைப்புக்கு வெளியே கேட்பதற்கு மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தார். வான்கோழி பொழுதுபட்டால் உயரம் தேடி ஏறும். ஏறாவூர்ப் பள்ளிக்குப் பின்னால் போகும் கடைசி ஒழுங்கை முடிந்து, ஆளில்லாத வெறும் வளவைத் தாண்டினால் ஒரு பெரிய வாகை மரம் நின்றது. இப்போதும் நிற்கிறதா? அங்கே பார்த்தீர்களா?

சாச்சா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"அங்க போய்ப் பாத்தியா?"

"அங்க நாம போறல்ல" என்றேன்.

அந்த வளவோடு எங்கள் முஸ்லிம் பக்கம் முடிந்துவிடும். அதற்கப்பால் செங்கலடி வரைக்கும் தமிழ் ஆட்கள். நான் பிறப்பதற்கு முன் நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. போகக்கூடாது என்று மட்டும் தெரியும், இருட்டிய பிறகு கிணற்றடிக்குப் போகக்கூடாது என்பது போல.

சாச்சா கடையைப் பூட்டி, என்னைச் சைக்கிளில் ஏற்றினார். ஒழுங்கை முடிவில் சைக்கிள் நின்றது. செயின் கழன்றுவிட்டது என்றார்.

"நீ போய்ப் பாரு மகள். நான் செயினப் போட்டிட்டு இதிலேயே நிக்கிறன். என்னத் தெரியிற தூரத்தோட நில்லு."

வாகை மரம் நின்றது. அதன் கீழே, பழைய சேலைக் கிழிசலால் காலில் கட்டப்பட்டு, முன்னால் ஒரு சட்டியில் தவிடோடு, என் வான்கோழி! என்னைக் கண்டதும் சிறகை விரித்துக் கத்தியது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு, மரத்தடி வீட்டுக்குள் இருந்து ஒரு அம்மா ஓடி வந்தார்.

"ஒங்கடயா பிள்ள இது? அப்பாடா! இஞ்சேருங்க, ஆள் வந்திட்டு!"

அவருடைய கணவர் பின்வளவில் இருந்து வந்தார். கிழிசலின் முடிச்சை அவரே குந்தி இருந்து அவிழ்த்தார். வான்கோழி அவரையும் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் சிரித்தார்.

"இது வந்ததில இருந்து மனிசன் ஒங்கட பள்ளி ஸ்பீக்கருக்குக் காதக் குடுத்துக்கொண்டே இருந்தவர் பிள்ள" என்றார் அந்த அம்மா. "நான் அடுப்படியில சட்டியத் தட்டினாலும் 'சத்தம் போடாத'ண்டு ஏச்சு. மாட்டச் சொன்னாங்க, மௌத்தான ஆக்களச் சொன்னாங்க, சாவிக்கொத்தச் சொன்னாங்க. வான்கோழிய மட்டும் சொல்லயில்ல."

எனக்கு மோதினார்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆரோடு வந்தாய் என்று அந்த மாமா கேட்டார். வளவுக்கு அந்தப் பக்கம் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்ற சாச்சாவைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். சாச்சாவும் இந்தப் பக்கம் பார்த்தார். மாமா கையை அரைவாசிக்கு உயர்த்தினார். சாச்சாவும் உயர்த்தினார். அதோடு சரி, ஒருவரும் அசையவில்லை.

"மாமா, கிட்டத்தானே. நீங்களே கொண்டுவந்து தந்திருக்கலாமே" என்றேன் நான்.

அவர் மனைவியைப் பார்த்தார். "ஓம் மகள், கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு, அவிழ்த்த கிழிசலை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த அம்மா வான்கோழியைத் தூக்கி என் கையில் வைத்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கடைக்குத் திரும்பியபோது தலைவரிடமிருந்து சாச்சாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. பொதுவில் கேட்டால் தானே விதியை மீறியதாகிவிடும் என்பதால் தனியாகக் கேட்கிறாராம். வான்கோழி கிடைத்ததா? சாச்சாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. மூன்றாவது தடவையும் தலைப்புக்கு வெளியே எழுதத் துணிந்து, எல்லாருக்குமாகப் பதில் எழுதத் தொடங்கினார். கிடைத்துவிட்டது. வாகை மரம் இன்னும் நிற்கிறது. நல்ல மனிதர்கள் தவிடு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் வான்கோழியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். "அந்த மாமா சரியான சோம்பேறி எண்டும் எழுதுங்க சாச்சா. இந்தா இருக்கிற தூரம். நடந்து வந்து தரயில்ல."

சாச்சாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"அப்பிடிப் பாத்தா நானும் சோம்பேறிதான் மகள்" என்றார்.

ஒரு செயினைப் போட அவ்வளவு நேரம் எடுத்தவர்தானே என்று நினைத்து, நானும் ஓம் என்றேன்.