சாமிக்கு வைத்த கத்தி

நாகலெட்சுமி என்ற பெயரை முதலில் என் நாத்தனார் வேலாயி வாயால்தான் கேட்டேன். மகன் பழனியாண்டிக்குப் பெண் பார்க்க இறம்பொடைப் பக்கம் போய்வந்தவள், நேரே லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நின்றாள்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கு மதினி. பேரு நாகலெட்சுமி. ஆனா கத்தி தீட்டுமாம்."

"எந்தப் பொண்ணு தீட்டல?"

"மீன் வெட்டுற கத்தியா? கவ்வாத்துக் கத்தி மதினி. அப்பனுக்குக் கை நடுங்குதுன்னு இவதான் தீட்டிக் குடுக்குறாளாம். அந்தக் கை தாலிக்கு ஆகுமா?"

நான் சிரித்தேன். வேலாயி சிரிக்கவில்லை.

முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. எங்கள் தோட்டத்தில் ஆம்பிளைகள் வேலை அது. வளைந்த கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கிளை பிளந்தால் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். கத்தி வழுக்கினால் வெட்டுகிறவன் காலைத் தேடி வரும்.

கல்யாணம் நடந்தது. எங்களுக்கு அடுத்த காம்பராவுக்குத்தான் அவள் வந்தாள். லயத்துச் சுவரில் எதுவும் மறையாது. சாயங்காலத்தில் அவள் கத்தி தீட்டும் சத்தம் எங்கள் அடுப்படிக்கு வரும். முதலில் முரட்டுக் கல், பிறகு நயமான கல். கடைசியில் அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, எண்ணெய் விட்டுக் குழைத்து, தோல் வாரில் பூசி அதில் கத்தியை இழுப்பாள். கல் போட்ட கீறலெல்லாம் மறைந்து கத்தியின் வாய் பளபளக்கும். பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் கத்தி மறுபடியும் கல்லுக்குப் போகும்.

மெல்ல மெல்ல மற்ற ஆம்பிளைகளும் கத்தியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கேதான் வினை பிடித்தது. கவ்வாத்துக் கங்காணி வீரய்யாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"பழனியாண்டி, மலையில வெட்டுறது நீயா, ஒம் பொண்டாட்டியா?"

முதல் வருஷம் பழனியாண்டியும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கவ்வாத்து தொடங்க இருந்த வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் கத்தியின் சத்தம்தான் கேட்டது. பழனியாண்டி தன் கத்தியை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. கத்தி எங்கே என்று கேட்டவளிடம், "இந்தத் தடவ நானே பாத்துக்கிட்டேன்" என்றானாம்.

கவ்வாத்து தொடங்கும் காலையில் மரத்தடியில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. கத்திகளைக் கழுவி, சந்தனம் வைத்து, சாமிக் கல்லின் முன்னால் வரிசையாகக் கிடத்துவார்கள். வைத்த பிறகு முதல் செடி வெட்டும்வரை யாரும் கத்தி வாயில் விரல் வைக்கக் கூடாது. கூர் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது போல. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

பொங்கல் சட்டியோடு நான் நாகலெட்சுமி பக்கத்தில் நின்றேன். எல்லாக் கத்தியையும்விட பழனியாண்டியின் கத்திதான் மின்னியது. முகம் பார்க்கலாம் போல இருந்தது. கற்பூரத் தட்டு அதைத் தாண்டும்போது, வளைவுக்குள் மயில் கழுத்து நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. அவள் முகம் மாறியது.

"ஏங்க, இத மோட்டார்க் கல்லுல புடிச்சீங்களா?" என்று அவன் காதோரம் கேட்டாள்.

"பேசாம கும்புடு."

"சொல்லுங்க."

"பூண்டுலோயா டவுன்ல புடிச்சேன். எமரித் தாள் போட்டு, அம்மா வெளக்குத் தொலக்குற பசையில நானேதான் மினுக்குனேன். ஒன்னோடதவிட நல்லாத்தான் இருக்கு."

"நீலம் ஏறியிருக்குங்க. சூட்டுல பதம் போயிருச்சு. பழைய கட்டையில பட்டா வாய் தகரம் மாதிரி மடங்கும். வீட்டுல ஒண்ணு தீட்டி வச்சிருக்கேன், கொண்டாறேன்."

"சாமிக்கு வச்சத மாத்தச் சொல்றியா? இத்தன பேரு முன்னால?"

வீரய்யா திரும்பிப் பார்த்தார். "என்ன அங்க பஞ்சாயத்து? சாமிக்கு வச்சது சரியில்லேங்குறாளா ஒம் பொண்டாட்டி?"

ஆம்பிளைகள் சிரித்தார்கள். நாகலெட்சுமி குனிந்து கத்திப் பக்கம் கையை நீட்டினாள். வேலாயி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத. நாளைக்கு ஒண்ணுன்னா ஒன்னத்தான் சொல்லுவாங்க."

நீட்டிய கை திரும்பியது. அவனவன் தன் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினான். மேலே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பழனியாண்டியின் முதுகு அதற்குள் போனதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. தான் தீட்டிய கத்தியை மடியில் வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முட்டுவலி, நானும் லயத்தில்தான். எது எதை நினைத்துப் பயந்தாளோ அதையெல்லாம் என்னிடம் அங்கேதான் சொன்னாள். வெட்டுச் சத்தம் மலையிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. திடீரென்று எல்லாக் கத்திகளும் ஒன்றாக நின்றன.

"தேத்தண்ணிக்கு நிறுத்திட்டாங்க போல" என்றேன்.

"இன்னும் நேரமாகல பெரியம்மா" என்று எழுந்தாள்.

பழனியாண்டியைப் படங்குத் துணியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே நரம்பு அறுந்திருந்தது. உயிர் தப்பியது. கால் மட்டும் பழையபடி வரவில்லை.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீரய்யா கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வாய் முழுக்கச் சுருண்டிருந்தது.

"யாரு தீட்டுனது இத?"

காம்பராவில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். நாகலெட்சுமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பழனியாண்டி கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"எப்பவும் அவதான தீட்டுவா" என்றான்.

பொய்யென்று சொல்ல முடியாத பொய். நான் வாயைத் திறந்தேன். "பழனி, அந்தப் பசை டப்பா..."

"விடுங்க பெரியம்மா. அவரு வாயால வரட்டும்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். வீரய்யா தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அந்தக் கை ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் வேலாயி. மருமகள் கையைப் பிடித்து நிறுத்தியவளே அவள்தான்.

அதற்குப் பிறகு யாரும் கத்தி கொண்டுவரவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பச்சைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டார்கள். கொழுந்து மலையில் அவள் நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்க ஆளில்லை. பழனியாண்டி எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு நாள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகிறவள் போலக் கிளம்பி, கற்கள் இரண்டையும் தோல் வாரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பழனியாண்டி காலை இழுத்துக்கொண்டு தொழிற்சாலை முற்றம் கூட்டுகிறான். நாகலெட்சுமி இப்போது ஹட்டனில், நஸார் என்பவரின் தையல் கடையில் கத்தரிக்கோல் தீட்டுகிறாள். கடைக்குப் பின்னாலுள்ள அறையில் தனியாக இருக்கிறாள்.