நாலரை அடிப் பாகம்

என் அண்ணன் குருசுமுத்துவைக் குடிகாரன் என்று ஊருக்கு முன்னால் சொன்னவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். சுவாமியாருக்கு அது தெரியும். ஒன்றும் கேட்கமாட்டார்.

அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது. ஊர்காவற்றுறையில் பிறந்து, பதின்மூன்று வயதில் வள்ளம் ஏறி, இன்றுவரை நண்டுவலை போடுகிறவர். தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வில் ஷெல் துண்டொன்று இடது முழங்கையில் ஏறியது. கை தப்பியது, ஆனால் அதை நீட்ட ஏலாது. மடங்கின கையோடேயே வலை இழுக்கிறார், இயந்திரம் பூட்டுகிறார், சிலுவை போடுகிறார். சாராயத்தை மட்டும் தொட்டதில்லை. எங்கள் அப்பா குடித்து அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர், கலியாண வீட்டிலும் சோடாதான் கேட்பார். இதை ஊரில் தெரியாதவர் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்குச் சிரித்தார்கள்.

நான் அன்ரனிட்டா. அவருடைய ஒரே தங்கச்சி, தையல்காரி.

மூன்று வருடத்துக்கு முன் கலாநிதிப் பட்டம் வாங்கிய ஜெயரூபன் எங்கள் இறங்குதுறைக்கு வந்தான். பூர்வீகம் புங்குடுதீவு, வளர்ந்தது யாழ்ப்பாணம், படித்தது மின்பொறியியல். செய்மதிப் படத்தைப் பார்த்தே கடலின் ஆழத்தைச் சொல்வதுதான் அவனுடைய ஆராய்ச்சி. அவன் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: வெயில் தண்ணீருக்குள் போய், தரையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆழம் கூடக்கூட வருகிற வெளிச்சம் குறைகிறது. மேலே இருக்கிற செய்மதி அந்த மங்கலைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மங்கலை வைத்து இந்த இடம் ஆழம் கூட, அந்த இடம் குறைய என்றுதான் சொல்லலாம். எத்தனை அடி என்று சொல்ல, யாராவது கடலில் போய் அளந்து கொடுக்கவேண்டும்.

அளக்க ஒரு கருவி கொண்டுவந்திருந்தான். இரண்டாம் நாளே அது உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துப்போயிற்று. அண்ணை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எடுத்தார். குண்டு தரையில் தட்டியதும் கயிற்றை இரண்டு கையாலும் விரித்து விரித்து இழுத்து எண்ணினார். ஒரு விரிப்பு ஒரு பாகம். புத்தகக் கணக்கில் ஒரு பாகம் ஆறடி. அண்ணை அப்போதே சொன்னார், தன்னுடைய பாகம் கட்டை, தங்கச்சி அளந்து எழுதட்டும் என்று. கலாநிதி அந்த நேரம் வள்ளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டு காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையை மட்டும் ஆட்டினான். அதன் பிறகு அவன் வள்ளத்தில் ஏறவே இல்லை.

அன்று பின்னேரமே நான் அண்ணையை நிற்கவைத்து அளவுநாடாவைப் பிடித்தேன். ஐம்பத்து நாலு இஞ்சி. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன்: ஒரு பாகம், குருசுமுத்துவின் கையால், நாலரை அடி.

செய்மதி ஐந்து நாளுக்கு ஒருக்கால் முற்பகலில் எங்கள் தலைக்கு மேலால் போகும். அந்த நாட்களில் அண்ணை வலையை விட்டுவிட்டு அளக்கப் போனார். அவன் தந்த தொலைபேசி இடத்தைக் காட்டும், அண்ணை கயிறு விடுவார், நான் எழுதுவேன். இரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இடம். வெயிலில் தோல் உரிந்த மூக்கோடு தையல் மெசினில் குந்தியிருந்து ஊர்ப் பெண்களிடம் நான் வாங்கிய நக்கல் கொஞ்சமல்ல. கடைசியில் கலாநிதி வந்து கொப்பியைப் படம் பிடித்தான். இரண்டாம் பக்கத்திலிருந்து பிடித்தான். முதல் பக்கத்தில் அட்டவணை இல்லையே, அது அவனுக்கு எதற்கு? கொப்பி என்னிடமே இருந்தது.

போன தை மாதம் கலாநிதி தன் கடற்படத்தை ஊருக்குக் காட்ட மண்டபத்தில் கூட்டம். சுவரளவு ஒளித்திரையில் எங்கள் கடல் நீலமும் பச்சையுமாய் மின்னியது. ஆழமெல்லாம் நவீன கருவியால் தன் குழு அளந்தது என்று கலாநிதி சொன்னான். அண்ணை எழும்பினார். சண்டை பிடிக்க எழும்பவில்லை, கயிற்றால் அளந்ததையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித்தான் கேட்டார்.

கலாநிதி ஒலிவாங்கியைக் கீழே வைக்காமலே சிரித்தான். "அவர் எங்கட வள்ளக்காரர். காலமையே கொஞ்சம் போட்டிட்டு வந்திட்டார் போல. பரவாயில்லை."

மண்டபம் சிரித்தது. அண்ணை மடங்கின கையை மற்றக் கையால் பிடித்தபடி வெளியே போனார். அவன் குரல்வளையைப் பிடித்திருப்பேன், ஆனால் அந்த நேரம்தான் திரையில் ஒரு இலக்கம் கண்ணில் பட்டது. சாதாளைத் திட்டியில், எங்கள் கரைவரை நீளும் அந்தக் கடல்மேட்டில், ஆறடி என்று இருந்தது. அந்தத் திட்டிக்கு ஒரு பாகம் என்று எழுதியது என் கை. ஒவ்வொன்றையும் அவன் ஆறால் பெருக்கியிருக்கிறான். எல்லா அளவும் ஒரே கையால் வந்ததால் அவனுடைய கோடுகளெல்லாம் வடிவாய்ப் பொருந்தியிருந்தன, பிழை தெரிய வழியே இல்லை. நான் சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்தேன்.

அண்ணை ஒரு கிழமை கடலுக்குப் போகவில்லை. இறங்குதுறையில் நின்ற பெடியள் அவரைக் கண்டதும் போத்தல் சாய்ப்பதுபோல் கை காட்டினார்கள். பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்தார். அண்ணையின் மனுசி ஞானசவுந்தரி வைத்த சோறு அப்படியே கிடந்தது. அப்போதுதான் திட்டியைப் பற்றிச் சொன்னேன். படத்தில் குறித்த புதுப் பாதையில் விருந்தாளிகளை லோஞ்சில் அனலைதீவுக்குக் கூட்டிப்போகப் போகிறானாம், பாதை திட்டிக்கு மேலால், லோஞ்சுக்கு ஐந்தடி தண்ணீர் வேண்டும், அங்கே நாலரைதான் என்றேன்.

"அதில கல் இல்லை. மணலும் சாதாளைப் புல்லும்தான், ஆருக்கும் உயிர்ச்சேதம் வராது. கல் கிடந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பன்" என்றார் அண்ணை. பிறகு சோற்றை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை. அந்த நாள் வரும்வரை நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன், நத்தார்ப் பண்டிகைக்குக்கூட அப்படி எண்ணியதில்லை.

லோஞ்ச் வெளியூரிலிருந்து வந்தது, மாலுமிகளும் வெளியூர். கொழும்பு அதிகாரிகள் மூன்று பேர், ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, முன்னால் படத்தைக் காட்டும் கைத்திரையைப் பிடித்தபடி கலாநிதி. புறப்பட்டுக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, திட்டியில் ஏறி இருந்துவிட்டது. வத்து நேரம், தண்ணீர் திரும்ப ஏறும்வரை அது அசையாது. வெயிலில் இரண்டு மணித்தியாலம் வேகட்டும் என்று விட்டுவிட்டு அண்ணை வள்ளத்தைத் தள்ளினார். நான் கொப்பியோடு ஏறினேன். அளவுநாடா எப்போதும் போல் கழுத்தில் கிடந்தது.

விருந்தாளிகளை ஒவ்வொருவராக எங்கள் வள்ளத்துக்கு இறக்கினோம். ஏதோ ஒரு மேட்டில் முட்டிவிட்டது, சுற்றிவர ஆறடி ஆழம் என்று கலாநிதி அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் ஏறக் காலைத் தூக்கினான். அண்ணை சவள் துடுப்பால் வள்ளத்தை ஒரு முழம் தள்ளிப்பிடித்தார்.

"தங்கச்சி, முதல் பக்கத்தை வாசி."

வாசித்தேன். அண்ணை இரண்டு கையையும் விரித்தார். நான் நாடாவை இழுத்து, தமிழ் தெரிந்த அதிகாரியிடம் நுனியைக் காட்டினேன். ஐம்பத்து நாலு இஞ்சி. அவர் பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினா, பிறகு கலாநிதியைப் பார்த்தா. கலாநிதி திரையைப் பார்த்தான்.

அதுவரை அண்ணை அவனைச் சேர் என்றுதான் கூப்பிட்டவர்.

"இஞ்சை கேளும். உம்மட படம் சரியெண்டால் இதில தண்ணி ஆளை மூடும், உமக்கு நீந்தவும் தெரியாது. அப்ப லோஞ்சிலேயே இரும். என்ர கை சரியெண்டால் தண்ணி நெஞ்சுக்குத்தான் வரும், இறங்கி நடவும். எதை நம்புறீர் எண்டு நீரே சொல்லும்."

வள்ளத்தில் இடம் இருந்தது. அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவன் சப்பாத்தைக் கழற்றினான். லோஞ்சின் கம்பியை விடாமல், கண்ணை மூடிக்கொண்டு, சறுக்கி இறங்கினான். கால் தரையில் பட்டபோது தண்ணீர் சரியாக நெஞ்சில் நின்றது.

அண்ணை அவனுக்குப் பக்கத்தாலேயே வள்ளத்தை மெதுவாக விட்டார். நான் கொப்பியைப் பார்த்து உரத்து வாசித்தேன். முக்கால் பாகம் என்றேன், இடுப்புக்கு மேல் இருந்தது. அரைப் பாகம் என்றேன், தொடைக்கு இறங்கியது. இரண்டு வருடம் நாங்கள் அளந்ததை அவன் தன் உடம்பாலேயே அளந்துகொண்டு வந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை வாசித்தேன், ஒரு இடத்தையும் விடவில்லை.

இறங்குதுறையில் ஊரே நின்றது. சேற்றில் கால் புதைந்து, தள்ளாடித் தள்ளாடி அவன் கரையேறினான். கூட்டத்தில் ஒருவன் கேட்டான், "உது ஆர், காலமையே போட்டிட்டு வாறார் போல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்புத்தான், இந்த முறை இனித்தது.

அண்ணை வள்ளத்தைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இல்லை. அவர் குடிக்கேல்லை. கணக்கில பிழை விட்டிட்டார்."

கலாநிதி அண்ணையை ஏறிட்டுப் பார்க்கமுடியாமல் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அண்ணையிலும் கோபம் வந்தது, உண்மையைச் சொல்ல அந்த நேரந்தானா கிடைத்தது என்று. ஆனால் அந்த ஞாயிறு அவர் கோவிலில் முன் வாங்கில் இருந்தார்.