புல் தைலத் தண்ணீர்

சேலத்து மருந்துக்கடைக்காரர் மூடி திறந்து நீட்டிய சிறு புட்டியிலிருந்து எலுமிச்சைப் புல் வாசம் வந்ததும், நான் நாகலூர் எஸ்டேட்டின் தைலக் கொட்டகை வாசலில், ஆறு வயதுப் பெண்ணாக, அம்மாவுக்காகக் காத்து நின்றேன்.

அங்கே பெரிய கொப்பரையில் புல்லை அவித்து, ஆவியைக் குழாயில் குளிரவைத்து, மேலே மிதக்கும் தைலத்தை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் டின்னில் அடைத்துப் பூட்டிக்கொள்ள, அவர் கழிவென்று விட்ட அடித்தண்ணீர் வாசம் மாறாமல் வெதுவெதுப்பாக வெளியே கல்தொட்டிக்கு வந்து சேரும். நாளெல்லாம் மழையில் காப்பிப் பழம் பறித்து, கால்விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு இறங்கிவரும் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து கால்களை உள்ளே விடுவார்கள். முதலில் சுரீரென்று எரியும், அப்புறம் அரிப்பு அடங்கும், ஆளாளுக்கு ஒரு பெருமூச்சு வரும். யார் பிந்தி வந்தாலும், "வாங்கக்கா, தண்ணி ஆறிப்போகுதுங்க" என்று கால்களை ஒதுக்கி இடம் விடுவார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதி நிற்கிறது.

புட்டியை வாங்கிவந்து, வாளி வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு அம்மாவின் முன்னால் வைத்தேன். மலையை விட்டு என் வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரோடும் அதிகம் பேசாதவள், கால்களை உள்ளே விட்டு வெகுநேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு கால்களையும் மெல்ல வாளியின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"நீயும் காலை வெய்யி கண்ணு, தண்ணி ஆறிப்போகுது."