பச்சைப் பொத்தானில் ஒரு குச்சி

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு என் வீட்டுக்காரர் ஒரு கிரஷர் இறக்கினார். பருத்தி எடுத்தபின் மிஞ்சும் பருத்திமாரையும் கடலைத் தோலையும் அதில் இடித்துத் தூளாக்கி, இன்னொரு மிஷினில் அழுத்திக் கட்டியாக்கினால், சாயப்பட்டறைக்காரர்கள் பாய்லர் எரிக்க வாங்கிக்கொள்வார்கள். மனிதர் முதலாளி ஆனாரே தவிர, புத்தி மட்டும் கிணற்று மேட்டை விட்டு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கரண்ட் வரும்வரை கிணற்றடியில் யாரும் காத்துக் கிடக்கமாட்டார்கள். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, அது மேலே வராதபடி ஒரு குச்சியைச் சொருகிவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கிரஷருக்கும் அதையே செய்து வைத்திருந்தார்.

"இது தண்ணி எறைக்கிற மோட்டார் இல்லீங்க, உள்ள சுத்தியலு சுத்துதுங்க" என்பேன்.

"உனக்கு எதைப் பாத்தாலும் பயம்" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மத்தியானம் நான் சோறு கொண்டு போனேன். ஈரப் பருத்திமாரைப் போட்டு மிஷின் திணறிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போயிருக்கிறது. அவர் மூடியைத் திறந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, சுற்றிக்கொண்ட நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானில் குச்சி சொருகினபடியே இருந்தது.

"ஏனுங்க, கையெ எடுங்க! குச்சி இருக்குதுங்க!"

"அட இரு அம்மணி, இன்னும் ஒரே சிக்குதான்."

சோற்றுத் தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டு ஸ்டார்ட்டரிடம் ஓடினேன். குச்சி வரவில்லை. புண்ணியவான் கல்லால் தட்டி இறுக்கியிருந்தார். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். இப்போது கரண்ட் வந்தால் அந்தக் கை இல்லை. மேலே இருந்த மெயின் சுவிட்சின் பிடியை எக்கிப் பிடித்துத் தொங்கினேன். அது துருவோடு கீழே இறங்கியது.

"எதுக்கு புள்ள இத்தனை ஆர்ப்பாட்டம்..."

அவர் முடிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லாத கிணற்றில், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"பிடியெ உட்டுறாத கண்ணு" என்றார், குரலே எழும்பாமல்.

மெயின் அணைந்துதான் இருந்தது. இருந்தும், அவருடைய ஐந்து விரலும் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை நான் பிடியை விடவில்லை.